இரைவிழுங்கிப் பூச்சி வளர்ப்பு: உடலைப் பெருக்குவதா, எண்ணிக்கையைப் பெருக்குவதா?

பயிரைத் தாக்கும் பூச்சிகளைத் தின்னவிடுவதற்காகக் கூடத்தில் வளர்த்து வெளியே விடும் பூச்சிகள்தான் இரைவிழுங்கிகள். பொறிவண்டோ கண்ணாடி இறக்கைப் பூச்சியோ, எதை வளர்த்தாலும் சில தலைமுறைகள் கழிந்ததும் ஒரு சந்தேகம் தலைதூக்கும். தட்டில் இருப்பவை முன்னைவிடச் சிறுத்துவிட்ட மாதிரி தெரியும். முட்டையும் குறைந்திருக்கும். உடனே கூடத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "இரையை அள்ளிப் போடுங்கள், தாய் கொழுத்தால்தான் முட்டை" என்பது ஒரு கட்சி. "பூச்சி சிறிதாக இருந்தால் என்ன, அதே இரையில் இன்னும் நிறைய எடுக்கலாமே" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருப்பதால் பலர் முடிவெடுக்க முடியாமல் நடுவில் நிற்கிறார்கள்.

ஒரு வளர்ப்புக் கூடத்தில் உடல் அளவை மாற்ற நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. இரையைத் தாராளமாகக் கொடுக்கலாம். மலிவாகவும் நெருக்கமாகவும் வளர்த்து, சிறிய உடலை ஏற்றுக்கொள்ளலாம். அறையின் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பெரியவற்றைப் பொறுக்கித் தாயாக வைக்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூடம் முழுவதற்கும் ஒரே உடல் அளவை இலக்காக வைப்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது. முட்டைக்காகக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளும் தாய்க்கூட்டத்துக்கு வேண்டிய உடல் வேறு, வெளியே விடப்படும் கூட்டத்துக்கு வேண்டிய உடல் வேறு.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதல் கேள்வி, பூச்சி எந்தப் பருவத்தில் வெளியே போகிறது என்பது. கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் பெரும்பாலும் முட்டையாகவோ இளம்புழுவாகவோ விடுகிறோம். அங்கே தாயின் உடல் பெரிதா சிறிதா என்பது வாங்குபவருக்குத் தெரியப்போவதே இல்லை. முட்டை பொரிகிறதா, எத்தனை பொரிகிறது, அவ்வளவுதான். கிரிப்டோலேமஸ் பொறிவண்டு மாதிரி முதிர்பூச்சியாகப் போவதில் கதை வேறு. அது போன இடத்தில் தானும் தின்ன வேண்டும், முட்டையிட்டு அடுத்த தலைமுறையையும் உண்டாக்க வேண்டும். அங்கே உடல் அளவும் விற்பனைப் பொருளின் ஒரு பகுதி.

இரண்டாவது, கொடுக்கிற இரைக்கு எத்தனை முட்டை திரும்பி வருகிறது. செக் பூச்சியியலாளர் அலாய்ஸ் ஹோனெக் 1993இல் பல பூச்சி இனங்களின் தரவுகளைத் திரட்டி ஒரு பொது விகிதம் கண்டார். ஒரே இனத்துக்குள் பெண்ணின் உலர் எடை 1% கூடினால் முட்டை எண்ணிக்கை சுமார் 0.95% கூடுகிறது. கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. பெரிய தாய் அதிக முட்டையிடும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை, சரிதான். ஆனால் அதே விகிதம் இன்னொன்றையும் சொல்கிறது: எடை 10% கூடினால் முட்டை இரட்டிப்பாகிவிடாது, அதுவும் 10 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அந்த 10% எடையை வாங்க எவ்வளவு இரை போட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, ஒரு தலைமுறைக்கு எத்தனை நாள். நான்காவது, ஒன்றையொன்று தின்று எத்தனை போகிறது. ஐந்தாவது, வெளியே போன பூச்சி இரை குறைவான நாட்களைத் தாக்குப்பிடிக்குமா. கடைசியாக, இன்று எடுக்கிற முடிவு பத்துத் தலைமுறை கழித்துக் கூட்டத்தை என்ன செய்திருக்கும். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

### அளப்பதிலேயே தப்பு வரும் இடம்

ஒப்பிடத் தொடங்கும் முன் 'பெரிது' என்று எதைச் சொல்கிறோம் என்பதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தராசில் வைத்த எடையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். இரை தின்று முடித்த பெண்ணும், வயிறு நிறைய முட்டை சுமக்கும் பெண்ணும், தண்ணீர் உறிஞ்சிய பெண்ணும் கனமாகத்தான் இருக்கும். முட்டை சுமப்பதால் கனமாக இருக்கும் பெண்ணை எடுத்து, "கனமான பெண் நிறைய முட்டையிடுகிறது" என்று முடிவு கட்டினால் அது சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்கிற வாதம்.

கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த ஒரு நாளுக்குள், உணவு வைப்பதற்கு முன் எடை போடுவது நல்லது. அதைவிட நம்பகமானது உடலின் கெட்டியான பகுதியை அளப்பது: முன்மார்பின் அகலம், பின்னங்காலின் நீளம். கடைசித் தோலுரிப்புக்குப் பின் இவை வளர்வதில்லை. ஏழுபுள்ளிப் பொறிவண்டு கூட்டை உடைத்து வந்ததும் அதன் மேலிறகு புள்ளியே இல்லாமல் வெளிர்மஞ்சளாக, தொட்டால் நசுங்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும். சில மணி நேரத்தில் இறுகி, நிறம் ஏறி, புள்ளிகள் தெளியும். அப்போது இருக்கும் அகலம்தான் சாகும்வரை. அதன்பின் எவ்வளவு தின்றாலும் வயிறு உப்புமே தவிர ஓடு பெருக்காது. ஆண், பெண்ணைத் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான இரைவிழுங்கிகளில் பெண்தான் பெரிது. கலந்து அளந்தால் சராசரி மாறியது உணவாலா, ஆண்-பெண் விகிதத்தாலா என்றே தெரியாது.

## வழி 1: இரையைத் தாராளமாகக் கொடுப்பது

புழுப்பருவத்தில் வயிறார இரை கிடைத்த பூச்சி பெரிதாக வரும், சீக்கிரமும் வரும். நான்கு வழிகளில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது இங்கே மட்டும்தான். பொறிவண்டுகளில் பெரிய உடலோடு, முட்டை உருவாகும் சூலகக் குழல்களும் அதிகமாகும். ஒரே நேரத்தில் முதிரும் முட்டைகள் கூடும். பொடிசஸ் போன்ற இரை தின்னும் நாவாய்ப்பூச்சிகளில் ஒரு சூலகத்துக்கு ஏழு குழல்கள் என்பது நிலையானது. அங்கே பெரிய உடலின் பயன் வேறு வழியில் வருகிறது: சேமித்த கொழுப்பு அதிகம், அதனால் அடுத்தடுத்த முட்டைத் தொகுதிகளுக்கு இடையில் இடைவெளி குறையும், முட்டையிடும் காலமும் நீளும்.

செலவுக்கு வருவோம். முதல் செலவு இரையே. இரையையும் நீங்களே வளர்க்கிறீர்கள் என்றால், இரைவிழுங்கிக் கூடம் என்ற பெயரில் உண்மையில் நடத்துவது அந்துப்பூச்சிக் கூடம்தான். இடமும் வேலையாட்களும் பாதிக்கு மேல் அங்கேதான் போகும். அரிசி அந்துப்பூச்சி, மாவு அந்துப்பூச்சி ஆகியவற்றின் முட்டைகள் உலகம் முழுவதும் இரையாகப் பயன்படுகின்றன. அவற்றைச் சேகரிக்கும்போது பறக்கும் இறக்கைச் செதில்கள் மூச்சுத் தொந்தரவையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். செதிலை உறிஞ்சும் ஏற்பாடு, முகக்கவசம், சுழற்சி முறை வேலை எல்லாம் இந்த வழியின் விலையில் சேர்ந்தவை; ஆனால் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. முட்டை பொரிந்துவிடாமல் இருக்கப் புறஊதா ஒளி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தின்னாமல் விட்ட முட்டையிலிருந்து அந்துப்புழு வந்து தட்டு முழுக்க நூல் கட்டிவிடும். மிஞ்சிய இரையில் பூஞ்சணமும் பிடிக்கும்.

இன்னொன்று, தாராளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வயிறு நிறைந்த புழுவுக்கு மேலும் இரை போட்டால் உடல் கூடாது, குப்பை கூடும். எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்பதற்குப் பூச்சியே வழி காட்டுகிறது. ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம்தான் ஒரு பருவம்; பொறிவண்டுப் புழு தன் புழு வாழ்நாளில் தின்பதில் பாதிக்கு மேல் கடைசியான நான்காம் பருவத்தில் தின்கிறது. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் மூன்றாம் பருவமும் அப்படித்தான், பெரும்பகுதி அங்கேதான் போகிறது. முதிர்பூச்சியின் அளவு பெரும்பாலும் அந்தச் சில நாட்களில்தான் முடிவாகிறது. எல்லா நாளும் ஒரே அளவு இரை போடும் கூடங்கள் ஆரம்பத்தில் வீணாக்கிவிட்டு, வேண்டிய நேரத்தில் பட்டினி போடுகின்றன. மொத்த இரையைக் கூட்டாமல், கொடுக்கும் நாட்களை மாற்றினாலே உடல் தேறுவதைப் பார்க்கலாம்.

இந்த வழி தாய்க்கூட்டத்துக்கு மிகப் பொருத்தம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு தாய் 200 முட்டையிடுகிறது, பாதி முதிர்பூச்சியாகிறது, அதில் பாதி பெண் என்று வைத்துக்கொள்வோம். 50 பெண்கள். தாய்க்கூட்டம் அதே அளவில் தொடர ஐம்பதில் ஒன்று போதும், அதாவது 2%. ஆண்களையும் எதிர்பாராத இழப்பையும் சேர்த்து 5% என்றே வைப்போம். அந்த 5 சதவீதத்துக்கு மட்டும் இரையை இரட்டிப்பாக்கினால் மொத்த இரைச் செலவு 5% தான் ஏறும். ஆனால் தாய் கொழுத்ததால் வரும் கூடுதல் முட்டை மொத்த உற்பத்திக்கும் வந்து சேரும். மொத்தக் கூட்டத்துக்கும் இரையை இரட்டிப்பாக்குவது வேறு சங்கதி; செலவு அப்படியே இரட்டிப்பாகும்.

## வழி 2: மலிவு உணவு, நெருக்கமான தட்டு, சிறிய உடல்

இதை மட்டமான வழி என்று ஒதுக்கிவிட முடியாது. அதே இடத்தில் அதே இரையில் அதிகம் பூச்சி எடுக்க வேண்டிய நெருக்கடி எல்லாக் கூடத்துக்கும் வரும். சிறிய உடலுக்கு வெளியே சில நன்மைகளும் உண்டு. தன் உடலைப் பராமரிக்கவே அதற்குக் குறைந்த இரை போதும். பூச்சித் தாக்குதல் இப்போதுதான் தொடங்குகிறது, இரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது என்ற நிலையில் இது தாக்குப்பிடிக்கலாம். கடைசிப் புழுப்பருவத்தில் ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டிய பொறிவண்டுப் புழு, இரை நின்றுபோனாலும் சாவதில்லை. இருப்பதை வைத்துச் சிறிய கூட்டுப்புழுவாகிவிடும். அது இயற்கையே வைத்திருக்கும் ஏற்பாடு.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பட்டினியால் சிறுத்த உடல் சீக்கிரம் வருவதில்லை. அந்த எடையைத் தொடும்வரை புழு இழுத்துக்கொண்டே போகும். ஆக, உடலும் சிறிது, நாளும் அதிகம். ஒரே தட்டில் ஒன்று கூட்டுப்புழுவாகியிருக்கும், இன்னொன்று இரண்டாம் பருவத்திலேயே நிற்கும். அடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரியது சிறியதைத் தின்னும். கண்ணாடி இறக்கைப் புழுவிடம் இது மிக மோசம். அறுகோண அறைகள் கொண்ட அட்டையில் ஆளுக்கோர் அறை கொடுத்துப் பிரித்து வளர்ப்பதே இதற்காகத்தான். நெருக்கித் தட்டில் விட்டு எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று போனால், முடிவில் எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

செயற்கை உணவும் இந்தக் கணக்கில்தான் வரும். இறைச்சி, ஈரல், முட்டை மஞ்சள்கரு போன்றவற்றைச் சேர்த்துச் செய்த உணவில் பொடிசஸ் நாவாய்ப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். உயிருள்ள இரைக்கூடமே வேண்டாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் பொதுவாக வளர்ச்சி தாமதமாகும், பெண் இலேசாக வரும், முதல் முட்டைத் தொகுதியே பிந்தும், முட்டையும் குறையும். உணவு மலிவு என்று பார்த்தால் போதாது. ஒரு முட்டைக்கு என்ன செலவு என்று பார்க்க வேண்டும். பெண் கூண்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் இடமும் ஆளும் செலவுதான்.

எப்போது இது நல்லது? வெளியே போவது இளம்புழுவோ, இரண்டாம் பருவ நாவாய்க்குஞ்சோ என்றால், விடப்படும் கூட்டத்தைப் பிரமாதமாகக் கொழுக்க வைப்பதில் அர்த்தமில்லை. அதே மாதிரி, விட்ட இடத்தில் உடனடியாகத் தின்றால் போதும், அங்கேயே பெருக வேண்டியதில்லை என்ற திட்டத்துக்கும் நடுத்தர உடல் போதும். தாய்க்கூட்டத்துக்கு மட்டும் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

## வழி 3: வெப்பத்தைக் கூட்டிக் குறைப்பது

பெரும்பாலான பூச்சிகளில் வெப்பம் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், முதிர்ந்த உடல் பெரிதாகும். வெப்பம் கூடினால் சீக்கிரம் முதிரும், உடல் சிறுக்கும். பட்டினிச் சிறுமைக்கும் வெப்பச் சிறுமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முன்னதில் உடலும் போச்சு, நாளும் போச்சு. பின்னதில் உடலைக் கொடுத்து நாளை வாங்குகிறோம்.

நாளை வாங்குவது எவ்வளவு பெறும்? எடுத்துக்காட்டுக்கு மட்டும் சில எண்கள். குளிர்ந்த அறையில் தலைமுறைக்கு 30 நாள், ஒரு பெண்ணுக்குப் பதிலாக அடுத்த தலைமுறையில் 100 பெண்கள். சூடான அறையில் 26 நாள், 70 பெண்கள் மட்டும். முதல் பார்வைக்குக் குளிர்ந்த அறைதான் ஜெயிக்கிறது. ஆனால் நாள் கணக்கில் பிரித்தால் முதல் கூட்டம் ஒரு நாளைக்குச் சுமார் 16.6% வளர்கிறது, இரண்டாவது 17.8%. அறுபது நாளில் சூடான அறைக் கூட்டம் மற்றதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிவிடும். கூட்டுவட்டி மாதிரிதான், வட்டி விகிதத்தைவிட அது எத்தனை தடவை சேர்கிறது என்பது முக்கியம்.

அப்படியானால் எப்போதும் சூடாகவே வைத்துவிடலாமா? முடியாது. இந்தக் கணக்கு, கூட்டம் தடையில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும்வரை மட்டும் உண்மை. கூடம் நிரம்பிவிட்டால், வாரா வாரம் ஒரே அளவு அனுப்பினால் போதும் என்ற நிலை வந்துவிட்டால், வேகத்தால் பயனில்லை. அப்போது ஒரு கூண்டுக்கு எத்தனை முட்டை என்பதே பேச்சு, அங்கே பெரிய தாய் முந்தும். ஆக, கூட்டத்தைத் தொடங்கும்போதும் ஏதோ காரணத்தால் சரிந்ததை மீட்கும்போதும் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நிலைபெற்ற பின் இறக்குங்கள். 25 டிகிரி செல்சியஸை ஒட்டி வைப்பதுதான் பல இனங்களுக்கும் வழக்கமான சமரசம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இரண்டு பக்கமும் இருக்கிறது. அளவு மீறிய வெப்பத்தில் முட்டையிடுவதும் பொரிப்பதும் குறைந்துவிடும், இரையும் சீக்கிரம் காய்ந்துபோகும். குளிர்ப் பக்கத்தில், பகல் நேரமும் குறைவாக இருந்தால் சில இனங்கள் முட்டையிடுவதையே நிறுத்தி ஓய்வுநிலைக்குப் போய்விடும். மிதவெப்பப் பகுதிகளின் கண்ணாடி இறக்கைப் பூச்சி அப்படித்தான். பச்சை உடல் பழுப்பேறினால் அதுதான் அடையாளம். ஓரியஸ் என்னும் சிறு நாவாய்ப்பூச்சி இனங்கள் பலவற்றிலும் இதே பிரச்சினை. அதனால் அறையைக் குளிர வைக்கும்போது விளக்கு நேரத்தைக் குறைத்துவிடக் கூடாது. குளிரில் பெருத்த உடல் முட்டையிலும் அதே விகிதத்தில் பலன் தரும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பெரிய கூட்டுப்புழுவைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் முட்டை எண்ணும்போது சற்று அடங்கிவிடுவது சகஜம்.

## வழி 4: பெரியவற்றைப் பொறுக்கித் தாயாக வைப்பது

கேட்க மிக எளிது. செலவே இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய கூட்டுப்புழுக்களை எடுத்து வைத்தால் கூட்டம் பெரிதாகிக்கொண்டே போகும் என்பது எதிர்பார்ப்பு. நான்கு வழிகளில் எனக்கு அதிகத் தயக்கம் இதன்மேல்தான்.

முதலில், உணவால் வந்த உடல் அளவு பிள்ளைக்குப் போகாது. தட்டின் மூலையில் இரை குவிந்திருந்த இடத்தில் வளர்ந்தது பெரிதாகியிருக்கும். அதைத் தாயாக்கினால் அடுத்த தலைமுறை பெரிதாக வர எந்தக் காரணமும் இல்லை. இதைவிட மோசமான நிலையும் உண்டு. நெருக்கமான தட்டில் எது பெரிதாக வரும்? கூடப் பிறந்ததைத் தின்றது. அந்தத் தட்டிலிருந்து பெரியதைப் பொறுக்குகிற நீங்கள், உங்களுக்கே தெரியாமல், தன்னினத்தைத் தின்னும் பழக்கத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியறையில், ஒரே அளவு இரையில் வளர்த்த பிறகு வரும் வித்தியாசம்தான் பொறுக்கத் தகுந்தது.

இரண்டாவது, பெரியவற்றில் பெண்களே அதிகம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு பெரியதை எடுத்தால் ஆண் பற்றாக்குறை வரும். கருவுறாத முட்டை பொரியாது. மூன்றாவது, மெதுவாக வளர்ந்ததும் சில சமயம் பெரிதாக வரும். அதைப் பொறுக்கிக்கொண்டே போனால் தலைமுறைக் காலம் நீண்டுகொண்டே போகும். நான்காவது, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சில தாய்களிடமிருந்தே கூட்டத்தை எழுப்பினால் உறவுக்குள் இணைவது பெருகி, முட்டை பொரிப்பும் உயிர்ப்பும் சரியும். உடல் பெரிது, கூட்டம் நலிவு என்ற நிலையில் கொண்டுபோய் விடும்.

பொறுக்குவதே தப்பு என்று சொல்லவில்லை. ஹார்லெக்வின் என்ற பொறிவண்டு இனத்தில் பறக்காத வகையையே பிரான்சில் உருவாக்கியிருக்கிறார்கள். விட்ட செடியிலேயே தங்க வேண்டும் என்பது நோக்கம். இலக்கு தெளிவாக, பதிவேடு ஒழுங்காக, கூட்டம் பெரிதாக இருந்தால் பொறுக்குவது வேலை செய்யும். அன்றாட உற்பத்திக் கூடத்துக்கு நான் சொல்வது தலைகீழ் முறை: பெரியதைச் சேர்ப்பதைவிட, மிகச் சிறியதையும் ஊனமானதையும் மட்டும் கழித்துவிடுங்கள். மற்றதெல்லாம் கலந்தே இருக்கட்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | தாராள இரை | மலிவு, நெருக்கம் | வெப்ப மாற்றம் | பெரியதைப் பொறுக்குதல் |
|---|---|---|---|---|
| உடல் | பெரிது | சிறிது | குளிரில் பெரிது, சூட்டில் சிறிது | மெதுவாக மாறலாம் |
| தலைமுறைக் காலம் | குறையும் | நீளும் | குளிரில் நீளும், சூட்டில் குறையும் | நீளும் அபாயம் |
| தாய்க்கு முட்டை | அதிகம் | குறைவு | உறுதியில்லை | உடலைப் பொறுத்தது |
| தெரியாத செலவு | இரைக்கூடம், செதில் ஒவ்வாமை, பூஞ்சணம் | ஒன்றையொன்று தின்பது, முதிர்வில் ஏற்றத்தாழ்வு | மின்செலவு, ஓய்வுநிலை | உறவிணைவு, ஆண் பற்றாக்குறை |
| பொருந்தும் இடம் | தாய்க்கூட்டம், முதிர்பூச்சி விற்பனை | இளம்பருவ விற்பனை | தொடக்கம், மீட்பு | பதிவேடுள்ள பெரிய கூட்டம் |

## எந்தப் பூச்சிக்கு எது

கண்ணாடி இறக்கைப் பூச்சி. இங்கே புழுவின் உடலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் முதிர்பூச்சியின் உணவைப் பாருங்கள். கிரைசோபெர்லா இனங்களில் முதிர்பூச்சி வேட்டையாடுவதில்லை. அசுவினி போன்றவை சுரக்கும் தேன்துளி, மகரந்தம், பூந்தேன் ஆகியவைதான் உணவு. முட்டைக்கு வேண்டிய புரதம் அந்த உணவிலிருந்து வர வேண்டும். வெறும் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் எவ்வளவு பெரிய பெண்ணும் அதிகம் முட்டையிடாது. ஈஸ்ட்டும் தேனும் கலந்த பசையை வைத்தால் நடுத்தர உடல் பெண்கூட நாள்தோறும் காம்பு வைத்த முட்டைகளைக் கூண்டின் மூடி முழுக்கத் தொங்கவிடும். உடல் என்பது எத்தனை முட்டை இடமுடியும் என்ற உச்சவரம்பு. அதில் எவ்வளவு கைக்கு வரும் என்பதை முதிர்பூச்சியின் உணவு தீர்மானிக்கிறது. அதனால் இங்கே புழுவுக்கு நடுத்தர உணவு, தனியறை. முதிர்பூச்சிக்கு நல்ல புரதம். இரையைக் கூட்டுவது அதற்கப்புறம்.

கிரிப்டோலேமஸ். 1891-92இல் ஆல்பர்ட் கோபெல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன காலத்திலிருந்து மாவுப்பூச்சிக்கு எதிராக உலகம் சுற்றிய வண்டு. முதிர்பூச்சியாகப் போவதால் தாராள இரை இங்கே காசுக்கு மதிப்பு. ஆனால் ஒரு தனிச் சிக்கல்: மாவுப்பூச்சியின் மெழுகுப் பஞ்சு இல்லாவிட்டால் பெண் முட்டையிடத் தயங்கும். அந்துப்பூச்சி முட்டையில் நன்றாக வளர்ந்து பெரிதாக வந்த பெண், பஞ்சு கிடைக்காமல் முட்டையை அடக்கிவைத்திருக்கும். அதைப் பார்த்து "உணவு சரியில்லை" என்று உணவை மாற்றுவார்கள். கூண்டில் செயற்கை இழைப் பஞ்சு கொஞ்சம் வைத்துப் பாருங்கள், பல நேரம் பிரச்சினை அதோடு தீரும்.

ஓரியஸ். இலைப்பேன் வேட்டைக்காரன், நீளம் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான். பூவின் உள்ளே புகுந்து தின்பது அதன் தொழில்; சிறிய உடல் அதற்குக் குறையல்ல. முட்டையைச் செடித் திசுக்குள் செருகுவதால், பீன்ஸ் காய் போன்ற மென்மையான திசு தடையில்லாமல் கிடைப்பது உடல் அளவைவிட முக்கியம். ஒளிந்துகொள்ள மடித்த காகிதமோ உமியோ போட்டால் ஒன்றையொன்று தின்பதும் குறையும்.

பொடிசஸ், அதன் உறவுகள். பிரேசிலில் யூகலிப்டஸ் தோட்டங்களில் இலை தின்னும் புழுக்களுக்கு எதிராக வளர்த்து விடும் நாவாய்ப்பூச்சிகள் இவை. பெண்ணின் எடையும் முட்டையும் கைகோத்துப் போவதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே பார்க்கலாம். வழி 1 நேரடியாகப் பொருந்தும். அத்துடன் செடியின் சாறும் வேண்டும். இரை மட்டும் வைத்ததைவிட, கூண்டில் இலையோ தழையோ சேர்த்து வைத்தால் முட்டையிடுவது மேம்படும். இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் முன்னேற்றம் இதுதான்.

## முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை

யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நான் சொல்வதையும் சேர்த்துத்தான். ஒரே நாளில் பொரித்த புழுக்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்குக் கடைசிப் பருவத்தில் மட்டும் இரையைக் கூட்டுங்கள், மறுபாதிக்கு வழக்கப்படி. வெளிவந்த அன்றே பெண்களின் முன்மார்பு அகலத்தைக் குறித்துவிட்டு, ஜோடி ஜோடியாகத் தனிக்கூண்டில் விடுங்கள். இரண்டு பாதிக்கும் முதிர்பூச்சி உணவு ஒரே மாதிரி இருக்கட்டும். முதல் முட்டை எந்த நாளில் வந்தது, முதல் மூன்று நான்கு வாரத்தில் மொத்தம் எத்தனை, அதில் எத்தனை பொரிந்தது என்று எழுதுங்கள். கிழட்டுத் தாயின் முட்டையை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். வயதாக ஆக முட்டையும் பொரிப்பும் எப்படியும் விழும், அதற்குள் தாயை மாற்றிவிடுவதுதான் வழக்கம்.

பிறகு செலவான இரையைப் பொரித்த முட்டைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். இட்ட முட்டையால் அல்ல. பெரிய பெண் நிறைய இட்டு, பாதி பொரியவில்லை என்றால் சிக்கல் உடலில் இல்லை, ஆணிடமோ உறவிணைவிலோ இருக்கிறது. வெளியிலிருந்து புதிய பூச்சிகளைக் கொண்டுவந்து கலந்துவிட்டு, இதே சோதனையை இன்னொரு முறை செய்த பிறகு இரைச் செலவைத் தொடுங்கள்.